ஊதிப்போன சீல்

அந்தக் காரை ஒரு வேனில் கயிறு கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தபோது அதன் முன் பம்பரில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. உரிமையாளர் இறங்கினார். இறங்கியதும் செய்த முதல் வேலை, தன் டிரைவரின் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டதுதான். டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். அறை வாங்கிய பிறகும் அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். தினமும் வாங்குகிறவன் என்று எனக்குப் பட்டது.

நான் லேத் ஓட்டுகிறவன். பட்டறையின் ஒரு பாதி என்னுடையது, மறு பாதி குறடுவுடையது. குறடு என்பது அவளுடைய அப்பாவிடம் வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர். பிடித்தால் விட மாட்டாள். துருப்பிடித்த போல்ட்டானாலும் சரி, வாக்குவாதமானாலும் சரி. நாற்பத்தொரு வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு டிரைவர்?" என்பாள். அப்பா போன பிறகு பட்டறையை அவள்தான் நடத்தினாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். எனக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட.

கார்க்காரர் வேறு யாருமில்லை, குறடுவின் அக்கா புருஷன். லாரிகள் வைத்து ஓட்டுகிறவர், ஒரு கல் குவாரியும் உண்டு. மூன்று வருஷமாக இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு அக்கா ஒரு நாள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். குறடு நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போய், தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டு வந்தாள். அன்றோடு எல்லாம் அறுந்தது. அக்காவின் ஃபோன் பிடுங்கப்பட்டது. குறடு போனால் கேட் திறக்காது. மூன்று வருஷம் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதையே காய்கறி வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

அப்படிப்பட்டவர் இங்கே வந்தாரென்றால் வேறு வழியில்லாமல்தான். அது அவருடைய அப்பா வாங்கிய கார், நாற்பது வருஷத்துப் பழசு. படகு மாதிரி நீளம். அவருக்குப் பெற்ற தாயைவிட அதுதான் ஒசத்தி. அதன் பவர் ஸ்டீரிங் பம்ப் ஒழுக ஆரம்பித்து, ஸ்டீரிங் கல்லாக இறுகி, அன்று காலை ஒரு திருப்பத்தில் திரும்பாமல் நேரே போய் ஒரு மதில் சுவரில் முட்டியிருந்தது. அந்தப் பம்பை ஊரில் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் குறடுவின் அப்பா, அவர் செத்துப்போய்விட்டார்.

மறுநாள் காலையில் குடும்பத்தோடு ஊரையே விட்டுக் கிளம்புவதாகச் சொன்னார். வேறு எங்கோ புதிதாகக் குவாரி எடுத்திருக்கிறார். ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம். சாமான்கள் லாரியில் போகும், அவரும் மனைவியும் இந்தக் காரில். நாலு மணிக்கு வண்டி தயாராக இருக்க வேண்டும் என்றார்.

குறடு பானெட்டைத் திறந்தபடியே அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"அவளுக்கென்ன, திங்கிறா, தூங்குறா. நீ வண்டியைப் பாரு."

மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார். டிரைவர் வேனைத் திருப்பும்போது அவன் காதிலிருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்ததைப் பார்த்தேன்.

குறடு வேலையை ஆரம்பித்தாள். பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினாள். புல்லரை மாட்டிப் புல்லியை இழுத்தாள். அது ஷாஃப்டோடு ஒட்டிப்போய், கடைசியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது. ஹோஸ்களைக் கழற்றியபோது கறுத்த ஆயில் அவள் முழங்கை வரை வழிந்தது. பம்பை வெளியே எடுத்து, பெஞ்சில் பூட்டிய இரும்புப் பிடியான வைஸின் வாயில் இறுக்கினாள். எங்கள் வைஸின் கைப்பிடி உடைந்து நாளாகிவிட்டது. ஓர் இரும்புக் கம்பியைச் செருகித்தான் திருப்புவோம். ஆயில் டப்பாவைத் தட்டிக் கழற்றினாள். பம்பின் உடம்பிலிருந்த சின்ன ஓட்டையில் ஆணியைக் கொடுத்து உள்ளே இருக்கும் லாக் ரிங்கை நெம்பினாள். மூடி ஸ்பிரிங்கோடு மேலே எழும்பி வந்தது. உள்ளே ரோட்டரும் அதைச் சுற்றி நகத்தளவு தகடுகள் பத்தும் இருந்தன. எல்லாவற்றையும் வரிசை மாறாமல் தட்டில் வைத்தாள். பிறகு ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல்களை எடுத்தாள்.

பழைய சீல் என்றால் காய்ந்து கட்டையாக இருக்க வேண்டும். இவை ஊதியிருந்தன. ஓ-ரிங் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி, ஒன்றரை மடங்கு பெருத்து, நகம் பட்டால் கிழிகிற பதத்தில் இருந்தது. ஷாஃப்ட் சீலின் உதடு அடிபட்ட வாய் மாதிரி தடித்துப்போயிருந்தது. குறடு அதை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். பிறகு சீலைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். ஃபோனை எடுத்து ஏதோ எண்ணுக்கு அடிப்பதும் வைப்பதுமாக இருந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மனதில் என்ன ஓடியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அப்பாவிடம் வேலை பார்த்த ஒருவர் கை மறதியாக ஒரு வண்டியின் பவர் ஸ்டீரிங்கில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டார். பத்தே நாளில் சீல்கள் எல்லாம் ஊதிப்போய் வண்டி திரும்பி வந்தது. அப்பா அந்த ஆளை ரப்பர் ஹோஸால் முதுகு பிய்ந்துபோகிற அளவுக்கு அடித்தார். அவர் கீழே விழுந்த பிறகும் அடித்தார். மூச்சு வாங்க நின்று, கெட்டுப்போன சீலை எடுத்து வந்து, மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் மூக்குக்கு நேரே நீட்டினார். மோந்து பாருங்க, ஜென்மத்துக்கும் மறக்கக் கூடாது என்றார். மறக்கவில்லை.

அக்கா புருஷனின் இந்தக் கார் வேறு பட்டறை ஏறாதது. பூட்டிய ஷெட்டுக்குள் நிற்பது. அதில் பிரேக் ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும், அப்படி ஆனால் அது எந்தப் பட்டறைக்கு வரும், அங்கே யார் அதை மோந்து பார்ப்பார்கள் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். குறடுவுக்கு அது அக்கா கூப்பிட்ட குரலாகவே கேட்டிருக்கிறது. பம்பை இரண்டு நாள் பிரித்துப் போட்டு வைப்பது, கார் இல்லாமல் அவர் கிளம்ப மாட்டார், அதற்குள் எப்படியாவது அக்காவை வெளியே கொண்டுவருவது என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "உங்க வாய் தெரிஞ்சதுதானே" என்றாள்.

நான் ஷாஃப்டை லேத்தில் ஏற்றி, சீல் உட்காருகிற இடத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன். அளவு பார்க்க அந்தச் சீலை நானும் கையில் எடுத்தேன், எனக்கும் வாசனை அடித்தது. ஏதோ முட்டாள்தனம் நடந்திருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மத்தியானம் அவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காராமல் அதன் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். டிரைவர் ஷட்டர் ஓரமாக நின்றான். குறடு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஷாஃப்ட் தேய்ந்துபோயிருக்கிறது, லேத்தில் உலோகம் ஏற்றிக் கடைய வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு ஷாஃப்டைக் கடைய இரண்டு நாளா, என்ன தொழில் பார்க்கிறாய் என்று கேட்டார். முப்பத்தைந்து வருஷமாக லேத்தில் நிற்கிறவனை அப்படிக் கேட்டால் ரோஷம் வரத்தான் செய்யும். குறடு என்னைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

"ஷாஃப்ட் எல்லாம் நல்லா இருக்குங்க. காலையிலேயே பாலிஷ் போட்டு வச்சிட்டேன்" என்றேன். "யாரோ பிரேக் ஆயிலை ஊத்தியிருக்காங்க. அதான் சீல் எல்லாம் ஊதிப்போச்சு."

சொல்லி முடிக்கும்போதே குறடுவின் முகம் வெளுத்ததைக் கண்டேன். என்ன சொன்னேன் என்பது தெரியவில்லை. ஏதோ கெட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

"யாரோன்னா?" என்றார் அவர். ரொம்ப மெதுவாக.

நாற்காலியிலிருந்து காலை எடுத்துவிட்டு டிரைவரிடம் போனார். காலையில் அறைந்த அதே காதில் அறைந்தார். அவன் சுவரில் போய் மோதினான். தலைமுடியைப் பிடித்து இழுத்து, முகத்தைக் காரின் முன் ஃபெண்டரில் மோதினார். ஒன்று, இரண்டு, மூன்று. தகரத்தில் முகம் மோதுகிற சத்தம் மரத்தைத் தட்டுகிற சத்தம் மாதிரி இல்லை. தொம்மென்று கேட்கும். நான்காவது முறை அவன் கத்தினான். தான் இல்லை, வீட்டம்மாதான், காரைத் துடைக்கும்போது பானெட்டைத் திறந்துவைக்கச் சொன்னார்கள், கையில் ஒரு டப்பா இருந்தது, தண்ணீர் என்று நினைத்தேன் என்று மூக்கும் வாயும் ரத்தமாகச் சொன்னான்.

அவர் அவன் தலைமுடியை விட்டார். கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கோபம் எல்லாம் வடிந்த மாதிரி ஆகிவிட்டார்.

"வேனை எடு. வீட்டுக்குப் போகணும்."

டிரைவர் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். எடுத்து, பக்கத்தில் இருந்த கழிவு ஆயில் டிரம்முக்குள் போட்டான். டிரம் கழுத்தளவு நிறைந்திருந்தது. சாவி முங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதே நேரத்தில் குறடு ஷட்டரை இழுத்துக் கீழே விட்டாள். வெளிச்சம் போய், மேலே எரிந்த ஒரு குழல்விளக்கு மட்டும் மிஞ்சியது. அவள் ஷட்டருக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

"நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம் அத்தான்."

அவர் அவள் வயிற்றில் உதைத்தார். அவள் மடங்கினாள், ஆனால் மடங்கும்போதே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததை விடவில்லை. அவர் அவளைச் சட்டையோடு இழுத்துச் சுழற்றிப் பெஞ்சில் மோதினார். தட்டு கவிழ்ந்து தகடுகளும் ஸ்பிரிங்கும் தரையெல்லாம் சிதறின. முகத்தில் குத்தினார். சட்டை கிழிந்து அவள் கையோடு வந்தது, அப்போதும் மறு கையால் பெல்ட்டைப் பிடித்தாள். அவர் குனிந்து ஜாக்கி ராடை எடுத்தார். முழம் நீள இரும்பு. தோளில் இறக்கினார். காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. அவளுடைய இடது கை தொங்கிப்போயிற்று.

இத்தனைக்கும் நான் லேத் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கை வரவில்லை, கால் வரவில்லை. இரண்டாவது முறை ராடு ஓங்கியபோதுதான் பின்னாலிருந்து போய் அவர் கழுத்தைக் கட்டினேன். அவர் முழங்கையால் என் வாயில் ஒரே இடி இடித்தார். இரண்டு பற்கள் நாக்கின் மேல் விழுந்தன. நான் தரையில் உட்கார்ந்து அவற்றைக் கையில் துப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அவள் தலைக்குக் குறி பார்த்தார். கீழே கிடந்த குறடு அவருடைய கணுக்காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். தரையில் பவர் ஸ்டீரிங் ஆயில் கொட்டியிருந்தது. அவர் வழுக்கி முன்னால் சாய்ந்து, விழாமலிருக்க இடது கையை ஊன்றினார். ஊன்றிய இடம் வைஸ். பம்பை எடுத்த பிறகு அதன் வாய் நாலு விரல் அகலம் திறந்தே கிடந்தது.

குறடு எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒற்றைக் கையால் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் திகைத்து அவளைப் பார்த்தார். வலது கையில் இன்னும் ராடு இருந்தது. அதை அவள் விலாவில் வீசினார். அவள் இரண்டாவது சுற்றுச் சுற்றினாள். ராடு கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தில் எதிரே டயர் கடையில் இருந்தவர்கள் ஷட்டரைத் தட்டினார்கள். அவள் தன் உடம்பு எடையையெல்லாம் கம்பியின் மேல் போட்டு இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினாள். அந்த அரைச் சுற்று தேவையில்லாதது. இரண்டிலேயே அவர் அசைய முடியாமல் போய்விட்டார். கோர்ட்டிலும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கம்பியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். தான் ஃபோன் பண்ணியதும் ஆம்புலன்ஸையும் போலீசையும் கூப்பிடுங்கள், அதுவரைக்கும் எதையும் திறக்காதீர்கள் என்று என்னிடம் சொன்னாள். டிரைவரிடம் ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். ஷட்டரை ஆள் நுழையும் அளவுக்குத் தூக்கி இருவரும் என் ஸ்கூட்டரில் போனார்கள், நான் மறுபடி இறக்கிப் பூட்டினேன். முகம் கிழிந்தவன் ஓட்ட, தோள் ஒடிந்தவள் பின்னால் உட்கார்ந்து போவதைத் தெருவே நின்று பார்த்தது.

நாற்பது நிமிஷம் நானும் அவரும் தனியாக இருந்தோம். அந்த நாற்பது நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை. முதலில் என் பரம்பரையையே திட்டினார். பிறகு லாரி ஆட்களை வைத்து இந்தப் பட்டறையோடு என்னைக் கொளுத்துவதாகச் சொன்னார். பிறகு ஒரு கம்பியைக் கொடுத்தால் போதும், தானே திறந்துகொள்கிறேன் என்று கெஞ்சினார். வைஸிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டார். டம்ளரை வாயருகே பிடித்தேன். குடித்துவிட்டு, குழந்தை மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"ஏன் இப்படிப் பண்ணா? நான் அவளுக்கு என்ன குறை வச்சேன்?"

நடிப்பு இல்லை. மனுஷனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்கு அடிபட்ட வாயைவிட அந்தக் கேள்விதான் வலித்தது. திறந்துவிடலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டில் நடந்ததை டிரைவர் எனக்குச் சொன்னான். கேட்டின் பூட்டுக்குள் குறடு வைஸ் கம்பியைக் கொடுத்து நெம்பினாள். ஒற்றைக் கையால் முடியவில்லை, அவனும் சேர்ந்து நெம்பினான். உள்ளே எல்லா அறைகளும் காலியாக, சாமான்கள் பெட்டிகளில் கட்டியிருந்தன. படுக்கையறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடிக் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒடிந்த கை சரியாகக் கூடாமல் முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் அவள் கேட்டது, அவர் எங்கே என்பதைத்தான்.

"வைஸ்ல" என்றாள் குறடு.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். முன்பற்கள் இல்லாத வாயால் சிரித்துச் சிரித்து, நிறுத்த முடியாமல், பெட்டியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, வாந்தி எடுத்தாள். டிரைவர் அறைக்கு வெளியே வந்து நின்றுகொண்டான். அங்கிருந்து அவன் காதில் விழுந்தது இது.

"எப்ப ஊத்தின?"

"பதினோரு நாள் ஆச்சு. நீ மோந்து பார்ப்பேன்னு தெரியும்."

"ஸ்டீரிங் திரும்பாம நடு ரோட்டுல எதுலயாவது போய் மோதியிருந்தா?"

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாளாம். "அப்பவும் பரவாயில்லைன்னுதான் ஊத்தினேன்."

குறடு ஃபோனை எடுத்து என்னைக் கூப்பிட்டாள்.

வழக்கு பெரிதாக நடந்தது. அக்கா சாட்சி சொன்னாள், டிரைவர் சொன்னான், நான் சொன்னேன். எக்ஸ்-ரே படங்களைப் பார்த்த டாக்டர் அக்காவின் உடம்பில் ஏழு பழைய முறிவுகள் என்று சொன்னபோது நீதிபதியே பேனாவைக் கீழே வைத்தார். அக்கா புருஷனுக்கு, காவலில் இருந்த பத்து மாதத்தையும் சேர்த்து, இரண்டரை வருஷம் கிடைத்தது. இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், மற்றவை மடங்காது. குறடுவுக்கும் ஐந்து மாதம் போட்டார்கள், அந்த அரைச் சுற்றுக்காக. நான் ஏன் நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டார்கள். பற்கள் விழுந்த மயக்கம் என்று என் வக்கீல் சொன்னார். நான் மறுக்கவில்லை.

குறடு உள்ளே இருந்த காலத்தில் அக்காதான் பட்டறையைத் திறந்தாள். பெரிய வேலைகள் எடுக்கவில்லை. ஆயில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது என்று பார்த்தாள். குரலை உயர்த்திப் பேசுகிற வாடிக்கையாளர் வந்தால் அவள் கை தானாக ஒரு ஸ்பேனரைத் தேடும். ஒருவரிடம் அதை வீசியும்விட்டாள், நல்லவேளை, கதவில் பட்டது. வீசிவிட்டு அவளே மிரண்டுபோய் லேத்தின் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் மெஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

குறடு வெளியே வந்து ஒரு மாதம் கழித்து அக்கா புருஷனுடைய தம்பி வந்தான். போலீஸ் காவலில் இருந்த காரை எழுதி வாங்கிவிட்டான், ஓடுகிற நிலையில் வேண்டும் என்றான். பவ்வியமான ஆள். பம்பின் பாகங்கள் எல்லாம் அன்று தரையில் பொறுக்கி நான் எடுத்து வைத்த தட்டில் அப்படியே இருந்தன. முடியாது என்று சொல்லத்தான் குறடு வாயைத் திறந்தாள். அக்கா முந்திக்கொண்டு, நாளை மறுநாள் வா என்றுவிட்டாள்.

குறடுவின் தோள் எலும்பு கூடியிருந்தது, ஆனால் இடது கையில் பலம் வரவில்லை. அதனால் அக்கா பூட்டினாள், குறடு பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கைவிளக்கைப் பிடித்தேன். பம்பின் உடம்பை டீசலில் கழுவி, காற்றடித்து, புதுச் சீலை நேராக வைத்து, அளவான குழாய் ஒன்றை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி உட்கார வைத்தாள். ஓ-ரிங்குகளில் ஆயிலைத் தடவிப் பள்ளத்தில் விரலால் அழுத்தினாள். பத்துத் தகடுகளையும் வளைந்த முனை வெளியே பார்க்கும்படி ரோட்டரில் செருகினாள். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டாள், குறடு உச்சுக் கொட்டியதும் திருத்தினாள். மூடியை ஸ்பிரிங்குக்கு எதிராக வைஸில் வைத்து அழுத்தியபோது, அந்த வைஸைச் சுற்றுகிற கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லாக் ரிங் டக்கென்று உட்கார்ந்தது.

அப்போதுதான் நான் அக்காவிடம் சொன்னேன். அன்று பிரேக் ஆயில் என்று அவரிடம் உளறியது நான்தான், என்னால்தான் இத்தனையும் என்றேன். கேட்காமல் போய்விடுவாளோ என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

"தெரியும், டிரைவர் சொன்னான்" என்றாள் அக்கா. பம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்க வாயால இவ தோள் போச்சு, அஞ்சு மாசம் போச்சு. நீங்க சொல்லலைன்னா எப்படி முடிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. இதை விட நல்லா முடிஞ்சிருக்கும்னும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஆறுதல் சொல்ற அளவுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லைண்ணே."

குறடு, விளக்கு ஆடுகிறது என்றாள். நான் சரியாகப் பிடித்தேன்.

பம்பைக் காரில் ஏற்றினோம். பழைய ஆயில் தங்கியிருக்கக் கூடாதென்று ஹோஸ்களையும் ஸ்டீரிங் பாக்ஸையும் மூன்று முறை அலசினோம். பாக்ஸ் சீலும் என்றைக்காவது கைவிடும், அதைத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள் குறடு. அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினாள், மறுபடி இந்தக் கோடிக்கு. டப்பாவில் ஆயில் நுரைத்து, குமிழிகள் குறைந்து, கடைசியில் தெளிந்தது. பத்து வருஷமாக அவள் அந்த வண்டியில் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு விரலால் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது.

தம்பி வந்து ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "அண்ணன் உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாரு, அண்ணி" என்றான். அவன் குரலில் விஷமம் இல்லை. சொன்னதைச் சொன்னான்.

"எப்ப வெளிய வராரு?"

"பதினாலு மாசம் இருக்கு."

அக்கா சரி என்றாள். கார் தெருமுனையில் சிரமமே இல்லாமல் திரும்பிப் போயிற்று. குறடு, வேண்டுமானால் பட்டறையை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம், லேத்தையும் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கயும் போக வேண்டாம்" என்றாள் அக்கா. தட்டில் மிஞ்சியிருந்த ஆயிலைக் கழிவு டிரம்மில் ஊற்றிவிட்டு, டீசலும் பிரஷும் எடுத்து வந்து பெஞ்சைத் தேய்க்க ஆரம்பித்தாள்.